லிபரல்னா தமிழ்ல என்ன?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எனக்கான வரன் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். உயரம், நட்சத்திரம், படிப்பு, சம்பளம் எல்லாம் சட்டென்று முடிந்தன. 'குடும்ப மதிப்புகள்' என்ற கட்டத்தில்தான் நின்றுவிட்டோம். தட்டினால் நான்கு சொற்கள் இறங்கின: ஆர்த்தடாக்ஸ், ட்ரெடிஷனல், மாடரேட், லிபரல்.

நான் யோசிக்காமல் லிபரலைத் தட்டினேன்.

"இரு கண்ணு. கடைசீல இருக்கறது என்னது?"

"லிபரல்ங்ப்பா."

"அப்படின்னா தமிழ்ல என்ன?"

"தாராளவாதி" என்றேன். சொல்லும்போதே நாக்கில் ஒட்டவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "தாராளமயம் தாராளமயம்னு மில்லு மூடுனப்ப சங்கத்துல பேசுவாங்களே, அந்தத் தாராளமா?"

"அதேதான். ஆனா இது வேறங்ப்பா."

"வேறன்னா வேற வார்த்தை வச்சிருக்க மாட்டாங்களா? நமக்கு அது வேண்டாம் சாமி. மாடரேட்டே போட்டுரு."

அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை. மூடி வைத்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து என்னை நானே லிபரல் என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒருவர் அதே சொல்லை வசவாகப் பயன்படுத்துவார். மாட்டுக்கறி, காதல் திருமணம், என் தலைமுடி எல்லாம் அவர் கணக்கில் அதற்குள் அடக்கம். என் மார்க்சிய நண்பனும் "நீ வெறும் லிபரல்தானே" என்று திட்டுவான். மாமாவும் நண்பனும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். ஆனால் பொருள் கேட்டு மடக்கியது அப்பா மட்டும்.

தேட ஆரம்பித்தேன். லத்தீனில் 'லீபெர்' என்றால் சுதந்திரமான ஆள், அதாவது அடிமை இல்லாதவர். அதிலிருந்து வந்தது 'லிபராலிஸ்'. சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது என்று பொருள். ஐரோப்பியர்கள் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்று ஏழு கலைகளை வகுத்தார்கள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, கணக்கு, வடிவியல், இசை, வானியல். தச்சு, நெசவு, சமையல் போன்ற கைவேலைகள் இதில் சேர்த்தி இல்லை. கையால் உழைக்க வேண்டாதவனின் படிப்பு அது. பிறந்த நாளிலிருந்தே இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு அடிமையும் நின்றுகொண்டிருக்கிறான்.

பிறகு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகள் அது அரசியல் சொல்லாகவே இல்லை. கை நீட்டிக் கொடுப்பவர் லிபரல். அளவில்லாமல் கொடுப்பவர் என்பதிலிருந்து அளவில்லாமல் பேசுபவர், கட்டுப்பாடு இல்லாதவர் என்ற பொருளும் கிளைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வாய்த்துடுக்கான ஆட்களுக்கும் இதே சொல் வருகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'தாராளம்' தமிழில் செய்ததும் இதையேதானே? "தாராளமா எடுத்துக்கோங்க" என்பார் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர். "கவர்ச்சியில் தாராளம்" என்று எழுதுவார் சினிமா கிசுகிசு எழுதுகிறவர். ஒன்றில் பெருந்தன்மை, இன்னொன்றில் ஒழுங்கீனம். தாராளவாதம் என்று மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துச் செய்தாரோ தற்செயலாகச் செய்தாரோ, இரண்டு பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. மாமாவின் வசவில் இருப்பது அந்த இரண்டாவது பொருள்தான். பெண் சொல்லும்போது அந்தச் சொல் அவருக்குக் கூடுதலாகக் கேட்கிறது என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு அரசியல் கூட்டத்துக்கு இது பெயரானது ஸ்பெயினில். 1810. நெப்போலியனின் படை ஏறக்குறைய நாடு முழுவதையும் பிடித்துவிட்டது. அரசன் பிரான்சில் சிறையில். தெற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காடிஸ் என்ற துறைமுக நகரம் மட்டும் முற்றுகைக்கு நடுவில் தாக்குப்பிடித்தது. அங்கே கூடிய சபையில் பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும், இறையாண்மை நாட்டு மக்களுடையது என்று பேசியவர்கள் தங்களை 'லிபராலெஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். எதிரணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'செர்விலெஸ்', அடிவருடிகள். 'செர்வில்' என்பதை இரண்டாகப் பிரித்தால் ஸ்பானிய மொழியில் 'இழிந்தவனாக இருத்தல்' என்று வருமாம். அப்படிப் பிரித்து எழுதியே கிண்டல் செய்திருக்கிறார்கள். மேடைச் சிலேடை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

1812 மார்ச் 19 அன்று அவர்கள் ஒரு அரசியல் சட்டத்தை அறிவித்தார்கள். அன்று புனித யோசேப்பின் திருநாள். ஸ்பெயினில் யோசேப்பு என்ற பெயருள்ளவர்களைப் 'பெப்பே' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அதனால் அந்தச் சட்டத்துக்கே 'லா பெப்பா' என்று பெயர் நிலைத்தது. அரசனின் அதிகாரத்துக்கு எல்லை போட்டது அந்தச் சட்டம். அதே சட்டம் கத்தோலிக்கம் மட்டுமே நாட்டின் மதம், வேறெதற்கும் அனுமதி இல்லை என்றது. ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1814இல் அரசன் ஃபெர்டினாண்ட் திரும்பி வந்து எல்லாவற்றையும் ரத்து செய்தான்.

ஆனால் சொல் ரத்தாகவில்லை. 1820இல் ஸ்பெயினில் மறுபடி கிளர்ச்சி நடந்தது. அந்தச் சட்டம் திரும்பி வந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸில் கிளர்ந்தவர்களும் இதே ஸ்பானியச் சட்டத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள். மறு வருஷம் ஆஸ்திரியப் படை வந்து நசுக்கியது. அந்தச் செய்தி கப்பலில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ராம்மோகன் ராய், பத்திரிகையாசிரியர் பக்கிங்ஹாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். மனம் சோர்ந்துவிட்டது, இன்று மாலை உங்களைச் சந்திக்க இயலாது என்ற மாதிரியான கடிதம். எங்கோ இருக்கும் நேப்பிள்ஸுக்காக ஒரு வங்காளி தன் மாலைப் பொழுதை ரத்து செய்கிறார். காடிஸ் சட்டத்தின் ஒரு பதிப்பே ராம்மோகன் ராய்க்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. லிபரல் என்பதை எனக்குப் பிடிக்க வைத்தது இந்த ராம்மோகன்தான் என்று நினைக்கிறேன். முகம் தெரியாதவர்களின் தோல்வி நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது, அதற்காக ஒரு மாலை கெட்டுப்போகிறது.

இங்கிலாந்தில் அது முதலில் ஏச்சாகத்தான் நுழைந்தது. பழைமைவாதிகள் தங்கள் எதிரிகளை வேண்டுமென்றே ஸ்பானிய, பிரெஞ்சு உச்சரிப்பில் 'லிபராலெஸ்', 'லிபரோ' என்று அழைத்தார்கள். இவர்கள் அந்நியச் சரக்கு என்று காட்டத்தான். வசவைப் பெயராக எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பது. 1859 ஜூனில் லண்டனில் வில்லிஸ் ரூம்ஸ் என்ற இடத்தில் கூடிய கூட்டத்திலிருந்து லிபரல் கட்சி உருவானதாகக் கணக்கு வைக்கிறார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் 'சுதந்திரம் பற்றி' நூல் வெளிவந்ததும் அதே வருஷம்.

மில்லை நான் கல்லூரியில் கொண்டாடிப் படித்திருக்கிறேன். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் ஒற்றை ஆளின் வாயை அடைக்க உரிமை இல்லை என்று அவர் வாதிடும் பகுதியை விடுதியில் சத்தமாக வாசித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் 1823லிருந்து 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்கினார் என்பது அப்போது மனதில் பதியவில்லை. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அந்த நூலின் ஆரம்பத்திலேயே, இந்தச் சுதந்திரமெல்லாம் முதிர்ந்த சமூகங்களுக்குத்தான், பின்தங்கியவர்களை முன்னேற்றுவதற்காகச் சர்வாதிகாரம் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். முதல் தடவை நான் அதைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த விதிவிலக்குக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயர் உண்டு. தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது. ஊருக்குள் தானியம் விலையேறிக்கொண்டே போகும்போது சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்பது கல்கத்தாவின் பிடிவாதம். வைஸ்ராய் லிட்டன் கட்சியால் லிபரல் அல்லர், பழைமைவாதி. ஆனால் அவர் கையிலிருந்த பொருளாதாரம் லிபரல்கள் உண்டாக்கிய தடையற்ற வணிகப் பொருளாதாரம்தான். அவர் சென்னைக்கு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1874இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து பெருமளவு சாவைத் தடுத்தவர். அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை, 'வீண் செலவு' என்று திட்டு கிடைத்தது. பாடம் கற்றுக்கொண்ட மனிதர் 1877இல் நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதைத் தின்றுவிட்டுக் கால்வாய் வெட்ட வேண்டும். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. தக்காணத்தையும் தெற்கையும் சேர்த்து இறந்தவர்களின் மதிப்பீடு 50 லட்சத்தைத் தாண்டுகிறது.

அமெரிக்கக் கதை பலருக்குத் தெரிந்தது, சுருக்கிவிடுகிறேன். அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதே லிபரல் என்று இருந்ததை, பசித்தவனுக்குச் சுதந்திரம் இருந்து என்ன பயன் என்று இங்கிலாந்தில் ஹாப்ஹவுஸ் போன்றவர்கள் 1911 வாக்கில் திருப்பினார்கள். 1930களில் ரூஸ்வெல்ட் அதே சொல்லை நிவாரண அரசுக்குச் சூட்டினார். தோற்றுப்போன ஹூவர் 'நான்தான் அசல் லிபரல்' என்று கடைசிவரை சாதித்தார். 1988 தேர்தலில் டுகாகிஸைத் தோற்கடிக்கப் புஷ்ஷுக்கு அந்தச் சொல்லே ஒரு ஆயுதமாகப் பயன்பட்டது. ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்றால் வலதுசாரி. ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி என்ற தீவிர தேசியவாதி நடத்திய கட்சியின் பெயர் லிபரல் ஜனநாயகக் கட்சி. அதற்கு மேல் அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது.

எனக்கு வேண்டியது தமிழ்ச் சொல். பள்ளிப் பாடத்தில் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று படித்தோமே, 1907 சூரத் பிளவு. அதில் கோகலேயின் பக்கம் மிதவாதி, திலகர், வ.உ.சி., பாரதி எல்லாம் தீவிரவாதி. இன்றைக்கு வ.உ.சி.யைத் தீவிரவாதி என்று யாராவது எழுதினால் வழக்குப் போடுவார்கள். அந்த மிதவாதிகள் 1918இல் காங்கிரஸிலிருந்து பிரிந்து தேசிய லிபரல் சம்மேளனம் என்று ஆனார்கள். அதன் பெரிய பெயர்களில் ஒருவர் நம் வலங்கைமான்காரர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சில் வெள்ளைக்காரர்களே அசந்த மனிதர். மனு எழுதுவார்கள், கூட்டம் போடுவார்கள், தீர்மானம் நிறைவேற்றுவார்கள். காந்தி வந்து தெருவில் ஜனங்களை இறக்கியதும் காணாமல் போனார்கள். ஆக, அப்பா தேர்ந்தெடுத்த மாடரேட்டும் நான் தேர்ந்தெடுத்த லிபரலும் இந்திய வரலாற்றில் ஒரே கட்சி. இதை அவரிடம் போனில் சொன்னேன். "அப்ப எதுக்குக் கண்ணு அன்னைக்கு சண்டை போட்டே?" என்றார்.

அதற்குப் பிறகுதான், வேறு எதையோ தேடும்போது, இது கண்ணில் பட்டது. 1916இல் டி.எம். நாயர், பிட்டி தியாகராயர், நடேசனார் ஆகியோர் சென்னையில் தொடங்கியதை நாம் நீதிக்கட்சி என்கிறோம். 'ஜஸ்டிஸ்' என்பது அவர்கள் நடத்திய ஆங்கிலப் பத்திரிகையின் பெயர். கட்சியின் முறையான ஆங்கிலப் பெயர் சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். தமிழ்ப் பெயர்? தென்னிந்திய நல உரிமைச் சங்கம்.

லிபரல் இருந்த இடத்தில் நல உரிமை. இந்தப் பெயரைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது மொழிபெயர்ப்பு என்று தோன்றியதே இல்லை. தாராளமும் அங்கே இல்லை, மிதமும் இல்லை. ஹாப்ஹவுஸ் ஒரு புத்தகம் முழுக்க மல்லுக்கட்டிய 'நலம் இல்லாமல் உரிமை ஏது' என்ற விஷயத்தை, யாரோ ஒருவர் சென்னையில் இரண்டே சொல்லில் ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாஸ்திரியின் லிபரலுக்குத் தனிமனிதனின் தகுதி முக்கியம். இவர்களின் லிபரலோ அரசு வேலையில் எந்தச் சாதிக்கு எத்தனை இடம் என்று கணக்குக் கேட்டது. 1921இல் வகுப்புவாரி ஆணையும் போட்டது. அதே வருஷம் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமையும் கொடுத்தது. குறை இல்லாமல் இல்லை. நிலமும் பட்டமும் வைத்திருந்தவர்கள் தலைமையில் இருந்த கட்சி அது. ஆதி திராவிடர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று எம்.சி. ராஜா 1923இல் வெளியேறினார். காடிஸில் போட்ட வேலி வேறு வடிவில் இங்கேயும் இருந்தது. 1944 சேலம் மாநாட்டில் அது திராவிடர் கழகமானது. லிபரல் என்ற சொல் அத்தோடு கழன்றுவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உதயசூரியனுக்கு ஓட்டு. மூலத்தில் அது ஒரு லிபரல் ஃபெடரேஷன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சந்தையின் பக்கம் நின்ற லிபரலும் இங்கே இல்லாமல் போகவில்லை. 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சி ஆரம்பித்தார். 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று அவர் திட்டியது இன்றும் மேற்கோளாகிறது. 1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பில் எடுத்தவரும் அவரே. அரசு மனிதர்களின் வாழ்க்கையில் தலையிடக் கூடாது என்று சொன்ன அதே கையால் 1953இல் ஒரு கல்வித் திட்டமும் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பாடம் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு கிளம்பி, 1954இல் அவர் பதவியும் போய், காமராஜர் வந்து அதைக் கைவிட்டார்.

பெரியப்பாவுக்கு அப்போது எட்டு வயது. சூலூர் பக்கம் கிராமம். காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் தாத்தாவின் தறிக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்ற வேண்டும். "வாத்தியார் கணக்குப் போட ஆரம்பிக்கும்போது எங்க கூட்டத்துக்கு மணி அடிச்சிரும்" என்பார். திட்டம் ஒரு வருஷத்தில் போய்விட்டது. பெரியப்பா தறியிலேயே தங்கிவிட்டார். அப்பா பிறந்தது 1958இல், அதனால் தப்பித்தார். பத்தாவது வரை படித்து, பதிலியாகச் சேர்ந்து, சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நிரந்தரம் ஆனார். ஏழு கலைகள் ஒரு பக்கம், கைவேலை ஒரு பக்கம் என்று லத்தீன்காரன் பிரித்ததைப் படித்தபோது எனக்கு அந்த மணிச் சத்தம்தான் கேட்டது.

மில் 1999இல் மூடியது. எனக்கு ஆறு வயது. சங்கு ஊதாத முதல் காலையில் அம்மாவுக்கு நேரம் தெரியாமல் போய் நான் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். நிலுவை வாங்க அப்பா பல வருஷம் அலைந்தார். தாராளமயம்தான் மூடியதா என்று இப்போது கேட்டால் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. பழைய எந்திரங்கள், பஞ்சு விலை, மில்லில் போட வேண்டிய பணத்தை வேறு இடத்தில் போட்ட முதலாளி எல்லாம் உண்டு. அப்பா அதன் பிறகு தினமும் பஸ் ஏறித் திருப்பூர் போய், ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். அங்கே தைத்ததெல்லாம் வெளிநாட்டுக்குப் போன சரக்கு. அந்தக் கம்பெனியைக் கொழுக்க வைத்ததும் அதே தாராளமயம்தான். மில்லில் அவருக்கு பி.எஃப்., சங்கம், போனஸ் இருந்தன. இங்கே வாரக்கூலி. நான் படித்ததும், இன்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக இரவு பதினொரு மணிக்கு மீட்டிங்கில் உட்கார்வதும் 1991 இல்லாமல் நடந்திருக்காது. அவருக்கு வேலையைப் பறித்த சொல்லும் எனக்கு வேலை கொடுத்த சொல்லும் ஒன்றேதான். அவரிடம் நான் 'இது வேற லிபரல்' என்று சொன்னது பொய்.

மாசி கடைசியில் மறுபடி லேப்டாப்பைத் திறந்தோம். நல உரிமைச் சங்கத்தின் கதையைச் சொன்னேன். அப்பா ரசித்துக் கேட்டார். "நல உரிமை. இது நல்லா இருக்குதே. இதைப் போட முடியாதா?"

"நாலுல ஒண்ணுதாங்ப்பா போட முடியும்."

"அப்ப உன்ற இஷ்டம். லிபரலே போடு."

போட்டேன். அடுத்த கட்டம் சாதி. அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம்: 'சாதி தடையில்லை'. நான் மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். லிபரல் என்று போட்டுவிட்டு உட்சாதி வரை நிரப்பியிருக்கும் எத்தனையோ பக்கங்களை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம்; அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம்.

அப்பா சிரிக்கவில்லை. "பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம் கண்ணு" என்று எழுந்து, தண்ணி மோட்டாரை அணைக்கப் போனார்.

பக்கம் 68 சதவீதத்தில் நிற்கிறது. பூர்த்தி செய்யச் சொல்லித் தினமும் காலையில் மெயில் வருகிறது.